ஐந்து வெள்ளிப் பெரட்டு

டோல் தாண்டி நாற்பது நிமிடமும் செம்பனைதான்.
பின்சீட்டில் லோஷினி எண்ணிக்கொண்டே வந்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் வாந்தி எடுத்தாள்.
ஸ்டியரிங்கை விடாமல் சற்குணன் சொன்னார்:
"அப்பவே சொன்னேன், ஜுஸ்கோவுக்குப் போவோம்னு."

சுங்கை மெராந்தி.
ஒரே சாலை, ஒரு அடகுக்கடை, மூடிய தியேட்டர்.
வாழைமரம் கட்டிய வளைவில்
'பாரம்பரிய விழா, ஆறாம் ஆண்டு'.
எழுத்து கால்வாசி,
மிச்சம் முழுக்க ஒரு வேட்பாளரின் சிரிப்பு.
கார் நிறுத்த மூன்று வெள்ளி.
பையன் ரசீது தரவில்லை.

உருமி அதிர்ந்தது, ஒலிபெருக்கிக்குள் அடைபட்டு.
மீ கோரெங் புகை, கைப்பேசி உறை, கெபாப்,
அதற்கடுத்து ராகிக்கூழ்,
பால் மங்கில் ஊற்றி, நாலு வெள்ளி.
நான் தயங்கியதைப் பார்த்துக் கடைக்காரி சொன்னாள்:
"புது மங்குக்கா. ஆன்லைன்ல வாங்கினது."

ஒட்டுப்பலகையில் லயத்து வீடு ஒன்று.
முன்கதவு உண்டு, பின்சுவர் இல்லை.
திவேஷ் நுழைந்தான், அந்தப் பக்கம் வெளியே வந்தான்,
மறுபடி நுழைந்தான்.
"அம்மா, மத்த ரூமெல்லாம் எங்க?"
இதுதான்டா எல்லா ரூமும்.
"அப்போ டாய்லெட்?"
வரிசையின் கடைசியில், என்றேன்.
இருட்டில் நான் பாடிக்கொண்டே ஓடிய தூரத்தை
அவனிடம் சொல்லவில்லை.

சிமெண்டுத் தொட்டியில் ஒரு பால்மரத் துண்டு.
வேர் கிடையாது, இலை பிளாஸ்டிக்.
பகல் பதினொன்றுக்கு நெற்றியில் விளக்கு கட்டி
வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தான் ரபிக்குல்,
பங்களாதேஷ்காரன், இருபத்திரண்டு இருக்கும்.
மற்ற நாளில் செம்பனைக் குலை அறுப்பவன்,
இன்று அறுபது வெள்ளிக்கு
என் அப்பாவாக நிற்கிறான்.
கத்தி பட்டை மேல் சரிந்து இறங்கியது.
ஒன்றும் வடியவில்லை.
ஆனாலும் மங்கு நிறைய வெள்ளை.

"எறும்பு!" என்றாள் லோஷினி.
விளிம்பில் வரிசை வரிசையாய் எறும்பு.
என் சின்ன வயதின் எந்த மங்கிலும்
பாலுக்கு எறும்பு வந்ததில்லை.
விரலை விட்டேன், நக்கினேன்.
டின் பால், தண்ணீர் கலந்தது.
ரபிக்குல் சிரித்துவிட்டான்.
டீக்கடை ஆள் கொடுத்தது, என்றான் மலாயில்,
விளக்கை அணைக்காமலே.

மணி அடித்தது. பெரட்டு.
ஆளுக்கு ஐந்து வெள்ளி, சான்றிதழ் உண்டு.
தொப்பி வைத்த கிராணி ஒருவர்
(வேலை நாளில் வங்கியில் கடன் பிரிவாம்)
பேர் படிக்கப் படிக்க,
கைகட்டி நின்று சொல்ல வேண்டும்:
இருக்கேன் ஐயா.
திவேஷ் கத்திச் சொன்னான். கைதட்டினார்கள்.
லோஷினி சொன்னாள். நானும் சொன்னேன்,
சிரித்துக்கொண்டு.

"சற்குணன் முனியப்பன்!"
"இருக்கேன்."
கிராணி காத்திருந்தார்.
மைக் ஒருமுறை கீச்சிட்டது.
"ஐயா சேர்க்கணும் சார், அதுதான் பாரம்பரியம்."
யாரோ சிரித்தார்கள்.
இவர் கட்டாத கை இரண்டும் பக்கவாட்டில் தொங்க
ரபிக்குலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
மழையும் அந்நேரம் பார்த்து வந்தது,
பலகை வீட்டுக்குள் எல்லோரும் ஓடினோம்,
பின்பக்கம் நனைந்தோம்.

அவருக்குச் சான்றிதழ் தரவில்லை.
லோஷினியுடையதில் 'லோசனி' என்று இருந்தது.

திரும்பும் வழியில் அவள்
முந்நூற்றுப் பதின்மூன்றிலிருந்து தொடங்கினாள்.
திவேஷ் தூங்கிப்போனான்.
வைப்பர் ஓடியது, மழை விட்ட பின்னும்.
டோல் விளக்கு தெரிந்தபோதுதான் இவர் கேட்டார்:
"அந்தப் பையனுக்கு அறுபதையும் குடுத்திருப்பானுங்களா?"
தெரியல, என்றேன்.
விரலில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.