ஏழாம் கட்டிலுக்கு அடுத்து வருபவருக்கு

பெயர் தெரியாதவரே,
நான் மாருட்டா. ரீகாவில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
ஓட்டினேன் என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டேன்.
நாளை காலை இந்தப் படுக்கை உங்களுடையது.
இழுப்பறையில் ஆஸ்பத்திரிக் கையேடு இருக்கும்.
அட்டையில் சிரிக்கிற ஆளை நம்பாதீர்கள்,
மற்றதெல்லாம் சரிதான்.

மோதிரத்தை வந்தவுடனே கழற்றிவிடுங்கள்.
என்னுடையது முப்பத்தொரு வருஷம் அசையாதது.
செவிலியர் இல்கோனிஸ் சோப்புத் தண்ணீர் விட்டு
மெல்ல உருவி எடுத்தான்.
விதவையானது விரலுக்கு
அன்றுதான் தெரிந்தது.

கேட்பார்கள்: என்ன மாத்திரை, சிறுநீரகம் எப்படி,
எதுவும் ஒவ்வாமை உண்டா.
சர்க்கரை மாத்திரையை நான் மறைத்திருந்தேன்,
லைசென்ஸ் போய்விடுமோ என்று.
தள்ளுவண்டி பாதி வழி போனபிறகு சொன்னேன்.
வண்டி நின்றது. யாரும் திட்டவில்லை.
ரத்தப் பரிசோதனை ஒன்று கூடுதல்,
அவ்வளவுக்குத்தான் அத்தனை பயம்.

மயக்கமாட்டார்கள். விழித்திருப்பீர்கள்.
நாடி பிடித்துப் பார்க்கிற அதே இடத்தில்
ஓர் ஊசி, சுருக்கென்று.
கம்பி உள்ளே போவது தெரியுமா?
தெரியாது.
எனக்கு அது ஏமாற்றம்தான்.
பத்தொன்பது வருஷமாய்
தலைக்குமேல் ஓடும் கம்பியைப் பிடரியால் அறிந்தவள் நான்.
கொம்பு நழுவினால் பயணிகளுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
இறங்கி, பனியில் நின்று, கயிற்றை இழுத்து
மறுபடி மாட்டுவேன்,
பின்னால் கார்கள் கத்தக் கத்த.
இந்தக் கம்பியோ
என் நெஞ்சுக்குள் போகிறது, எனக்குத் தகவல் இல்லை.

அறை குளிரும். கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள்.
திரையைப் பார்ப்பது உங்கள் விருப்பம்.
நான் பார்த்தேன். சாயம் பாய்ந்ததும்
இலையில்லாத மரமொன்று துடித்தது,
ஒரு கிளை மட்டும் நடுவில் நூலாய் இளைத்து.
"யாருடையது?" என்று கேட்டேன்.
டாக்டர் ஸ்ட்ராட்மானே திரும்பாமலே சொன்னார்,
"வேறு யாரும் இங்கே படுத்திருக்கவில்லையே."

பிறகு பலூன்.
இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை:
அது விரிகிற சில நொடிகள்
பழைய வலியே திரும்பி வரலாம்.
டவுகாவா பாலத்தின் நடுவில், நாற்பது பேரோடு,
பிரேக்கில் கால் வைத்தபோது வந்த
அதே வலி, அதே இடம்.
பல்லைக் கடிக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்.
"வலிக்கிறது" என்றேன். "தெரியும்" என்றார்.
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்,
காற்று இறங்கும்வரை.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்று மகளிடம் போனில் சொன்னேன்.
தப்பு.
ஜனவரியில் பனி தள்ளும் வண்டி
பனியை எங்கே கொண்டுபோகிறது? ஓரத்துக்கு.
தெருவுக்கு வழி கிடைக்கிறது, பனி அங்கேயேதான் இருக்கிறது.
ஸ்டென்ட் என்பது
அது மறுபடி சரியாமல் வைத்த வலை.
வலையில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகள்.
பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும்
இவர்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.
பல் காத்திருக்கும்.

மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டுவார்கள்.
நிறையத் தண்ணீர் குடியுங்கள், சாயம் வெளியேறட்டும்.
கொஞ்ச நாளுக்கு அந்தக் கையால் பை தூக்க வேண்டாம்.
ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள்,
கூப்பிட்டுவிட்டு அழுத்துவதல்ல.
நெஞ்சு வலி திரும்பினால்
மருமகனுக்கல்ல, ஆம்புலன்சுக்குப் போன்.

மூன்றாம் நாள், அதாவது நேற்று,
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அழுதேன்.
வெண்ணெயில் ஒரு குறையும் இல்லை.
உங்களுக்கும் வரலாம். வந்தால் கத்தியைக் கீழே வையுங்கள்.

எப்போது ஓட்டலாம் என்று கேட்டேன்.
சோதனைகள் இருக்கின்றன, பார்ப்போம் என்றார்.
மதியம் ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராலிபஸ் நின்றது.
கொம்பு நழுவியிருந்தது.
யாரோ புதுப் பையன், கையுறை இல்லாமல்
கயிற்றோடு மல்லாடினான்.
இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம் என்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.
நான்காம் முறை பொறி பறந்தது. வண்டி போயிற்று.

சிகரெட்டைக் குப்பையில் போட்டேன்.
லைட்டரைப் போடவில்லை, உங்களிடம் பொய் எதற்கு.

ஜன்னல் இடுக்கில் காற்று வரும்.
தலையணையைச் சுவர்ப்பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன்.