ஒன்பது சென்டிமீட்டர்

விடிந்ததும் கை போகிறது
தலையணைக்கு இடப்பக்கம்,
முப்பது வருஷமாய்ப் போன இடத்துக்கு.
அங்கே கண்ணாடி இல்லை.
மைலோ டின்னில் போட்டு மூடி
அலமாரிக்கு மேலே வைத்தது நான்தான்.
கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கண்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்
கூரைத் தகரத்தில் ஆணி தெரிகிறது.
ஆணியைச் சுற்றித் துரு.
பத்தாங் பெர்ஜுந்தை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம்
பச்சைக் கறையாய்க் கிடந்த செம்பனைக் காடு
மரம் மரமாய்ப் பிரிந்து நிற்கிறது,
மட்டைக்கு மட்டை முள்ளோடு.

“கருவிழி மெல்லிசு, லேசர் தாங்காது” என்றார்
கிள்ளான் டாக்டர்.
கண்மணிக்குப் பின்னால் ஒரு லென்ஸைச்
சுருட்டி நுழைத்துப்
பாய் மாதிரி விரித்துவிடுவாராம்.
பிறந்தபோது வந்த லென்ஸ் அப்படியே இருக்கும்,
புதுசு அதற்கு முன்னால் குடியிருக்கும்.
முன்பணம்: மூன்று சீட்டு, ஒரு சங்கிலி,
இரண்டு வருஷ போனஸ்.

நாலு வேளை சொட்டு.
போன் எழுத்து கிட்டத்தில் கலங்குவதால்
பள்ளிவாசல் பாங்குதான் கடிகாரம்.
சுபுஹு, லுஹர், அசர், இஷா.
“மஃரிபுக்கு மட்டும் உனக்கு லீவா?”
வேலிக்கு அப்பாலிருந்து ரொஹாயா சிரிக்கிறாள்.

குனியாதே, தூக்காதே, தேய்க்காதே,
தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே.
ஏழு நாள் முடியில் ஆலைப் புகை.
எடைமேடையில் என் நாற்காலியில் திவ்யாஷினி.
லாரி நம்பரை மாற்றி அடித்து
இரண்டு டன் குலை
யார் கணக்கிலோ போயிற்றாம்.

எல்லாரும் கேட்கிறார்கள், தூரத்தில் என்ன தெரியுது?
கிட்டத்தில் என்ன போச்சு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றினால்
ஒன்பது சென்டிமீட்டருக்குள் எனக்கொரு நாடு இருந்தது.
அங்கே என்னைப்போல் பார்க்க
இந்த டவுனில் ஆளில்லை.
சோடாபுட்டி என்று கூப்பிட்ட வாய்களே
“அக்கா, முள்ளு” என்று வந்து நிற்கும்.
விரலை மூக்குநுனி வரை இழுப்பேன்.
ரேகைகள் உழுத நிலமாய் விரியும்,
நடுவில் கருப்பாய் ஒரு நுனி.
ஊசி ஒருமுறைதான் இறங்கும்.

நேற்று யுகேந்திரன் கட்டைவிரலை நீட்டினான்.
பழக்கத்தில் இழுத்தேன்.
புகை.
கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், இன்னும் கொஞ்சம்.
ஒரு சாண் போனதும் விரல் வந்தது.
முள் வரவில்லை.
“விடு” என்று சொல்லிவிட்டு
டார்ச்சும் ஊசியும் எடுத்துக்கொண்டு
ரொஹாயா வீட்டுக்குப் போனான்.
மைலோ டின்னை இறக்கி
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.
தலை சுற்றியது.
மூக்கின் இரண்டு பள்ளங்களில் மட்டும்
கச்சிதமாய் உட்கார்ந்தது.

ராத்திரி ஆலை விளக்குகள்
ஆளுக்கொரு வளையம் போட்டுக்கொள்கின்றன.
லென்ஸின் நடுவில் கண்ணீரைவிடச் சன்னமான
ஏதோ ஓட ஒரு துளை உண்டாம்,
அது காட்டும் வேடிக்கையாம், போகப் போகக் குறையுமாம்.
குறைவதற்குள் எண்ணிவிடலாமென்று
வாசலில் நிற்கிறேன்.
பதினேழாவது வளையம் திரும்பி
நம் வீட்டுப் பக்கம் வருகிறது.
வெளிச்சத்துக்குக் கீழே நம்பர் பிளேட்,
கடைசி எண்வரை.

இஷா.
இரண்டு தடவை சோப்புப் போட்டும்
அவன் விரலில் செம்பனை எண்ணெய் வாடை.
“மேலே பாரு.”
குப்பி நடுங்குகிறது.
முதல் சொட்டு கன்னத்தில்,
இரண்டாவது காதுக்குள்.
இன்னும் குனிகிறான்.
போன மாதமென்றால்
புருவத்துத் தழும்பில் தையலை எண்ணியிருப்பேன்.
இப்போது பழுப்பாய் ஒரு மேகம்,
உள்ளேயிருந்து பூண்டு வாசம்.

“தெரியறேனா?”
“தள்ளிப் போனா தெரிவே.”

போகவில்லை.
மூன்றாவது சொட்டு விழுந்தது, எரிந்தது.
ஐந்து நிமிஷம் மூடியிருக்கணும் என்று
மருந்துச் சீட்டில் இருக்கிறது.