நாலாவது பிட்

வெறும் லாரியின் எடை
பதினாலாயிரத்து எண்பது.
சீட்டில் அச்சானதோ
பதினாலாயிரத்து எண்ணூற்று எண்பது.
எலி தின்னாமல், ஒரு மணி சிந்தாமல்
எண்ணூறு கிலோ கோதுமை
ஓரெஸ்ட் கோவல்ச்சுக்கின் கணக்கிலிருந்து
காணாமல் போயிற்று.

அவர் சத்தம் போடவில்லையாம்.
சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
"உங்க தராசுக்குப் பசி போல" என்றாராம்.

சஸ்காச்சுவான். நவம்பர் கடைசி. மைனஸ் இருபத்திரண்டு.
வேனைவிட்டு இறங்குமுன்பே
மூக்கின் ஈரம் முள்ளாகிவிட்டது.
கையில் ஒரு அலைகாட்டி, பையில் ஒரு பேப்பர் கிளிப்.

முதலில் கிளிப்.
இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் பாலம் போட்டு
கணினியைத் தன்னோடு தானே பேசவிட்டேன்.
சொன்னதையே கேட்டது.
தராசின் முகத்திலும் எண் சரி.
அப்படியானால் பொய்
நடுவில் எங்கோ,
உறைந்த மண்ணுக்கடியில் ஓடும்
நாற்பது மீட்டர் கேபிளில்.

காத்திருந்தேன். இரண்டு காபி.
மூன்றாவது ஆறும்போது
தானிய உலர்த்தியின் விசிறி கிளம்பியது.
திரையில் நேர்கோட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பூஜ்யத்துக்கும் எட்டுக்கும்
நமக்குத்தான் தூரம்.
கம்பியில் அவை அண்டை வீடு.
ஏழு பிட்டில் நாலாவது புரண்டால்
இது அது.
மற்ற பிட் புரண்டு எழுத்தாய்த் திரிந்தவற்றை
மென்பொருள் அப்போதே தூக்கி எறிந்திருக்கிறது.
எண்ணாகவே திரிந்தது மட்டும்
தலை நிமிர்ந்து உள்ளே போயிருக்கிறது.

ஆனால் இதைப் பிடிக்கத்தானே
எட்டாவதாய் ஒரு காவல்காரன்,
பாரிட்டி?
ஒன்றுகளை எண்ணி, இரட்டைப்படை இல்லையென்றால்
கையைத் தூக்கவேண்டியவன்?

அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
"பாரிட்டிப் பிழை: பொருட்படுத்தாதே."

மார்லீன் தீசன் கையுறையைக் கழற்றவில்லை.
"நான்தான். போன வருஷ அறுவடையில.
நிமிஷத்துக்கு ஒருதரம் சிவப்புப் பெட்டி வந்து நிக்கும்.
வெளியே இருபத்தாறு லாரி, ஹாரன்.
அதை அணைச்சேன்.
அப்புறம் ஒரு பிழைகூட வரல."

வரவில்லைதான்.

கேபிளின் உறை இரண்டு முனையிலும்
மண்ணோடு கட்டப்பட்டிருந்தது.
கணினிப் பக்கம் அவிழ்த்தேன். பாதி சரியாயிற்று.
மீதிக்கு ஒரு பாகம் வேண்டும்,
ரெஜைனாவிலிருந்து, வியாழக்கிழமை.

அதுவரை என்ன செய்ய என்றாள்.
காவல்காரனை எழுப்பிவிட்டேன்.

அறிக்கையில் "காரணம்" என்ற கட்டத்தில்
விசிறி, உறை, நாற்பது மீட்டர் என்று எழுதினேன்.
இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
பேனா மை உறைந்திருந்தது.
அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது தராசின்மேல்
ஓரெஸ்டின் லாரி. உள்ளே சிவப்புப் பெட்டி.
பின்னால் ஏழு வண்டி, ஹாரன்.
மார்லீன் கண்ணாடிச் சன்னலைத் தள்ளி
வெண்புகையாய்க் கத்தினாள்:
"தப்பா வருது! இருங்க, திரும்ப எடுக்கிறேன்!"

அவர் இன்ஜினை அணைத்தார்.