அந்தப் பக்கம்

கம்பெனி சார்பில் யாராவது போகணும் என்றார்கள்,
டிஸ்பாட்ச் மேசையில் நான்தான் கிடைத்தேன்.
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ், முதல் மாடி,
சாலைப் பாதுகாப்புக் கலந்தாய்வு.
தட்டில் பட்டர் பிஸ்கட், அதன்மேல் ஓர் ஈ,
ஜன்னலுக்கு வெளியே ஹைவே
ஒரு நிமிஷமும் வாய்மூடாமல்.

எஸ்.ஐ. கோதண்டபாணி ஆரம்பித்தார்:
ஆயிரம் ரூபாய் இப்போது யாருக்கும் வலிப்பதில்லை.
கிரீன் சர்க்கிளில் ரசீதை வாங்கிக்கொண்டே
அடுத்த போனை எடுக்கிறான்.
முதல் தடவையே பத்தாயிரம் போடுங்கள்.

லாரி ஓனர் வாஜித் சாயபு சிரித்தார்:
பத்தாயிரம் போட்டால்
உங்கள் ஆளுக்கு ஐந்நூறு போகும் சார்,
இப்போது இருநூறு போகிறது.
யாரோ எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்கள்.

கேமராவுக்கு மாமூல் தெரியாது, என்றார் காலேஜ் புரொபசர்.
கேமராவுக்குப் பல்வலியும் தெரியாது, என்றார் வக்கீல் ஜெமிமா.
அவர் கட்சிக்காரர் ஒருவர்
கன்னத்தைப் பிடித்தபடி ஓட்டினாராம்,
வீடு தேடி வந்ததாம் சலான்.

ஸ்டாண்டில் மாட்டி ஸ்பீக்கரில் பேசினால்?
கை சும்மாதானே?
கை சும்மா, புத்தி?
அப்படிப் பார்த்தால் பக்கத்து சீட்டில் பேசுகிறவனுக்கும்
அபராதம் போடுவீர்களா?
பக்கத்து சீட்காரன் எதிரே பஸ் வந்தால் வாயை மூடுவான் சார்,
போனில் இருக்கிறவனுக்கு பஸ் தெரியாது.

நான் குறிப்பெடுத்தேன்,
அல்லது பேனாவை அசைத்தேன்.

கடைசி நாற்காலியில் மாதனூர் கனகவல்லி.
புருஷன் எக்ஸெல்லில் கீரைக்கட்டோடு போனவர்.
தன்னை எதற்கு அழைத்தார்கள் என்று
அவளுக்கே தெரியவில்லை போல.
மடியில் பிளாஸ்டிக் கவர், அதில் கேஸ் காகிதங்கள்.

"இன்னா சார், ஓட்டுனவனையே சொல்லிக்கினு கீறீங்க.
அவன் பேசினான், சரி. ஜாமீன்ல கீறான்.
அந்தப் பக்கம் பேசினது யாரு?
இத்தினி காயிதத்துல
எங்கியும் அந்த ஆளு பேரு இல்லியே."

ஜெமிமா புத்தகத்தைத் திறக்கவே இல்லை.
அதுக்குப் பிரிவு இல்லம்மா.

என் சட்டைப்பையில் போன்
திடீரென்று எடை கூடிவிட்டது.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறவன் நான்:
எங்க வந்துக்கினு இருக்க?
பள்ளிகொண்டா டோலில் கேட்பேன், வாலாஜாவில் கேட்பேன்,
காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில்
காற்றிரைச்சலோடு பதில் வரும்.
நான் கேட்டு எந்தக் கன்டெய்னரும்
ஓர் அடி கூட முன்னால் நகர்ந்ததில்லை.
ஆனாலும் ஹார்பரில் கேட்டை மூடிவிடுவார்கள்,
ஷூ அப்பர் வெயிலில் கிடக்கும்,
முதலாளி கேட்பார், நான் சொல்லணும்.
போனை எடுக்காத டிரைவருக்கு
எங்கள் ஆபீஸில் ஒரே பெயர்: திமிர் பிடித்தவன்.

இன்றைக்கு மட்டும் சம்பங்கிக்கு
ஒரு கால்கூடப் பண்ணவில்லை.
திருந்தியதால் அல்ல,
இங்கே சைலன்டில் போடச் சொல்லிவிட்டதால்.

அப்போதுதான் ஜன்னலில் வந்தது எங்கள் வண்டி.
நீலக் கன்டெய்னர், பம்பரில் காய்ந்த எலுமிச்சை.
முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிற்க, வேகம் குறைந்தது.
கண்ணாடிக்குள் சம்பங்கி,
காதும் தோளும் ஒட்டி, நடுவில் போன்.

சொல்ல வெட்கம்தான்,
ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது:
நான் இல்லை.

பை அதிர்ந்தது. வாட்ஸாப், முதலாளி:
"நீ மீட்டிங்ல இருக்கியே, அதான்
நானே அவன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.
சத்துவாச்சாரி எப்பவோ தாண்டிட்டானாம்."

ஷேர் ஆட்டோ இன்னும் நகரவில்லை.

தனியார் கம்பெனிகள் தரப்பில் ஏதாவது?
கோதண்டபாணி கேட்டார்.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
கனகவல்லி மட்டும்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.