எட்டு ஜிபி, பழையது

பதினெட்டாம் தேதி, ஞாயிறு.
இருபதுக்குள் மூன்று உரக்கடைகளுக்கு ஜிஎஸ்டி போட வேண்டும்.
டேலியைத் திறந்தால் குரோம் உறைகிறது
குரோமைத் திறந்தால் டேலி
இரண்டையும் திறந்தால்
மவுஸைப் பிடித்தபடி நான்.

ரேம் பத்தாது என்று நேற்றே சொல்லிவிட்டான்
லாரன்ஸ் ரோட்டுக் கடைப் பையன், மூடியைக்கூடக் கழற்றாமல்.
"நாலு ஜிபியா? போன்லயே எட்டு இருக்கேக்கா."
புதுசு இரண்டாயிரத்து நானூறு.
போன மாதம் ஆயிரத்து எழுநூறாம்.
ஏன் ஏறியது என்றேன்.
மேலே கையைக் காட்டினான்.
மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று கடையும் சேர்ந்து எனக்குத் தருவது
மாதம் நாலாயிரத்து ஐநூறு.
இந்தக் கழித்தலுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

பாண்டி பஸ்.
முள்ளோடையில் பாதிப் பேர் இறங்கிப் போனார்கள்.
என் குறை வேறு, நான் உட்கார்ந்திருந்தேன்.

சண்டே மார்க்கெட்டில்
ஜீன்ஸ் மலைகளுக்கும் குக்கர் கைப்பிடிகளுக்கும் நடுவே
ஒரு நீலத் தார்ப்பாய்.
ரிமோட்டுகள், சிக்கு விழுந்த ஒயர்கள்,
பிஸ்கட் டப்பாவில் வெற்றிலைக் கவுளியாய்
அடுக்கிய பச்சைப் பலகைகள்.

"நீளமா, குட்டையா?" சவரிநாதனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
நீளம்.
"மூணா, நாலா?"
தெரியவில்லை.
போனில் எடுத்து வந்த படத்தை நீட்டினேன்.
இரண்டு விரலால் பெரிதாக்கி
பள்ளம் எங்கே விழுகிறது என்று பார்த்தார்.
"மூணு.
ஒரு நெல்லு அகலம் பள்ளம் தள்ளி இருந்தாலும் உக்காராதும்மா.
அழுத்தி உக்கார வெச்சா போர்டு போயிடும்."
யாருடைய கல்யாணத்தையோ சொல்கிற குரல்.

எண்ணூற்றைம்பது. அறுநூறு. எழுநூறு.
ஓடாவிட்டால் அடுத்த ஞாயிறு இதே தார்ப்பாய்.
மழை வந்தால்?
"அதுக்கடுத்த ஞாயிறு."

திரும்பும் பஸ்ஸில் கைப்பையைத் திறந்து பார்த்தேன்.
பாதி உரிந்த ஸ்டிக்கரில்
ஏதோ மில்லின் சொத்து எண்,
'அக்கவுண்ட்ஸ், மேஜை 3'.
அந்த மேஜையிலும் யாரோ
மாதக் கடைசியில் இதைத் திட்டியிருப்பாள்.
அவள் கூட்டிய எண்களில் ஒன்றுகூட இதில் இல்லை.
கரண்ட் போனதும் எல்லாவற்றையும் கைவிடுகிற ரகம் இது.
இதற்குத்தான் நினைவகம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்
பாடப்புத்தகத்தில்.

வீடு. மூடியைத் திறந்தால்
மூன்று வருஷத் தூசு, ஒரு பல்லி முட்டை ஓடு.
காதுகளைத் தள்ளி
பள்ளம் பார்த்து
அழுத்த,
டக்.

பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
"போச்சா?" என்றது
அடுத்த அறையிலிருந்து இளவழகன் குரல்.
நான் பதில் சொல்லவில்லை.

சவரிநாதன் போனை எடுத்தபோது பின்னால் பஸ் ஹாரன்.
"ரப்பர் இருக்கா? பென்சில் ரப்பர்.
அந்த மஞ்சள் பல்லைத் தேயிங்க, மெதுவா."
நிவிதாவின் பெட்டியில் இருந்தது
ஸ்ட்ராபெரி வாசனையோடு, ஓரம் கடித்தது.
முன்னே இருபது, பின்னே இருபது.
அழிப்பதற்கென்றே செய்த பொருளால்
நினைவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்
கறுப்புத் துகள் மடியில் உதிர்ந்தது.

ஒரே ஒரு பீப்.

பன்னிரண்டு என்றது திரை.
கொஞ்ச நேரம் எதையும் திறக்கவில்லை.
பிறகு டேலி.
பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குரோம்.

ரேம் எழுநூறு
பஸ் ஐம்பத்திரண்டு
லெமன் ஜூஸ் இருபது
ரப்பர் ஐந்து, காலையில் அவள் கேட்பாள்.

முதல் கடையில் பொட்டாஷ் பில் ஒன்று
இரண்டு தடவை ஏறியிருக்கிறது.
கரண்ட் இருக்கும்போதே
அதை எடுத்துவிட வேண்டும்.