கடைவாய்

மேலூர் பஸ் ஸ்டாண்ட் மாடியில்
டாக்டர் நிலோபர் இரண்டு விலை சொன்னார்.
கிளாஸ் அயனோமர் எழுநூறு.
ஈரம் தாங்கும், ஆனால் கடைவாயில் சீக்கிரம் தேயும்.
காம்போசிட் ஆயிரத்து எண்ணூறு.
எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டாது,
நீல வெளிச்சத்தில் இறுகும்போது
மயிரிழை சுருங்கும்.

சுருங்கும் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது.
பதினோரு வருஷமாக கிரானைட் பலகையில்
கீறல் அடைக்கிறேன்,
பிசினில் அதே கல்லின் பொடி குழைத்து.
ஒரேயடியாக ஊற்றினால் ஓரம் விடும்.
"அடுக்கடுக்காத்தானே வைப்பீங்க?"
முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது.

நிறப் பட்டியை உதட்டருகே பிடித்தார்.
பதினாறு வெள்ளை,
ஒன்றுகூட வெள்ளை இல்லை.
பஞ்சு வைக்குமுன்னே பார்த்துருங்க என்றேன்,
காய்ந்த கல் பொய் சொல்லும்.
"பல்லும்தான்."

யார் பார்க்கப்போகிறார்கள் அங்கே?
நான் கொட்டாவி விட்டால் சேவுகன் பார்ப்பான்,
அவனுக்கு ஒரு கண் மங்கல்.
ஆனாலும்
சுவரைப் பார்த்து நிற்கப்போகும் பக்கத்தையும்
நிறம் சேர்த்துத்தான் அடைத்திருக்கிறேன்.

சட்டைப்பையில் ஆயிரம்தான் இருந்தது.
மீதி சனிக்கிழமை.

மரத்த உதட்டோடு கீழே இறங்கி
டீயை ஆறவைத்துக்கொண்டு நிற்கிறேன்.
ஒட்டு எங்கே என்று
நாக்கு போய்ப் போய்த் தடவுகிறது,
எங்கள் மேஸ்திரி மாதிரி.