ஒற்றை ஆள் தள்ளுபடி

கிரிம்ஸ்பியில் அன்றைக்குப் பெய்தது மழை அல்ல, 'இட்'.
இந்த ஊரில் மழைக்கு மேலே யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்,
பெயர் கேட்டால் சொல்லமாட்டார்.
இருட்டுவதும் அவர்தான், குளிர்வதும் அவர்தான்,
நேரமாகிவிட்டால் அதற்கும் அவரே எழுவாய்.
நம் மழை தானே பெய்துகொள்ளும்,
அதற்கென்று ஆள் வைப்பதில்லை.

படிவங்களைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
வரிசை வீடுகளில் பதினேழாம் எண்ணைத் தட்டினேன்.
தனியாய் இருப்பவருக்கு நகராட்சி வரியில் கால் பங்கு தள்ளுபடி.
தனியாகத்தானா என்று பார்த்துவருவது என் பிழைப்பு.

கதவு இரண்டு விரற்கடை திறந்தது.
"கிவ் அஸ் எ மினிட், லவ்."
எங்களுக்கு ஒரு நிமிஷம் கொடு என்கிறாள்.
எட்டிப் பார்த்தால் ஒருத்திதான்.
லொரெய்ன் ஸ்கெல்டன். மீன் ஆலையின் நீலத் தலைவலையோடு,
ஒரு கால் பூட்ஸுக்கு வெளியே.

மூன்று வருடம் இந்தத் தெருக்களில் நடந்தவனுக்குத் தெரியும்,
இங்கே 'அஸ்' என்றால் எனக்கு, என்னை.
கடை முக்கில் நிற்கும் பையன், ஒற்றைப் பையன்,
"லென்ட் அஸ் எ பவுண்ட்" என்று
ஊரையே துணைக்கழைத்துத்தான் கடன் கேட்பான்.

தேநீர் வைத்தாள்.
"வீ டோன்ட் கீப் ஷுகர்" என்றாள், மன்னிப்பு மாதிரி.
இந்த இடத்தில் என் மொழி என் சட்டையைப் பிடிக்கும்:
நாம் வைத்துக்கொள்வதில்லையா, நாங்களா?
நாம் என்றால் நானும் மேசையில்.
நாங்கள் என்றால் வேறு யாரோ மேசையில், நான் வாசலில்.
அவள் சொல்லில் அந்தச் சுவரே எழுப்பப்படவில்லை.
யாரும் வரலாம், யாரும்
போகாமலும் இருக்கலாம்.

கொக்கியில் ஓர் ஆணின் மழைக்கோட்டு.
இந்த மழையிலும்
காய்ந்து கிடந்தது.

கேட்டுத்தானே ஆகவேண்டும்.
இங்கே எத்தனை பேர், மிஸஸ் ஸ்கெல்டன்,
'ஹௌ மெனி ஆஃப் யூ'.
(யூ. நீயா நீங்களா, அதற்கே தெரியாது.)

கரண்டியைக் கழுவினாள். துடைத்தாள்.
அதே கரண்டியை மறுபடி கழுவினாள்.

"ஜஸ்ட் அஸ்."

பேனா நின்றுவிட்டது.
ஒரு கட்டம் ஒருவருக்கு, ஒரு கட்டம் அதற்கு மேல்.
ட்ரெவர் ஸ்கெல்டன் பெப்ரவரியில் போனதற்கு
என் கோப்பில் முத்திரையோடு தாள் இருக்கிறது.
அவள் பொய் சொல்லவில்லை. நான் மட்டும்தான் என்றும்
அவள் சொல்லவில்லை.
மூன்றெழுத்துக்குள் ஒருவரை இப்படி உட்காரவைக்க
என் தமிழில் எங்கே இடம் என்று
வீடு வரும்வரை தேடினேன்.

ஒன்றில் குறியிட்டேன்.
மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே
தலைகீழாக வாசித்துவிட்டாள்.
"தட்ஸ் இட், தென்?"
அவ்வளவுதான், என்றேன்.

வாசல்வரை வந்தாள், தலைவலையைக் கழற்றிக்கொண்டே.
"இட்ஸ் ஈஸிங் ஆஃப்."
குறைந்துவருகிறதாம்.
எது என்று கேட்டிருக்கலாம்.
கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
பத்தொன்பதாம் எண்ணுக்கு நடந்தேன்,
நல்ல தூறல்.